வெண்பரி வந்த வருடம்

ஜனவரி 8, திங்கள்

இன்று கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த அத்தனை பேரும் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள். வெண்பரி என்ற சாஃப்ட்வேர் கம்பெனி தன் தலைமை அலுவலகத்தைச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு மாற்றப் போகிறதாம். கிளை இல்லை, தலைமை அலுவலகமே. நாலாயிரம் பேர் வருவார்களாம். நாகர்கோவில் ரோட்டில் வெகு நாளாக எழும்பிக்கொண்டிருந்த கண்ணாடிக் கட்டடம் அவர்களுடையதுதானாம். நாங்கள் அதை ஏதோ பெரிய ஆஸ்பத்திரி என்று நினைத்திருந்தோம்.

ஃபேஷியலுக்கு வந்த ஒரு அம்மா, "இனி வீட்டு வாடகையப் பிடிக்க முடியாது" என்று வருத்தமாகச் சொன்னார். அவருக்கு வாடகைக்கு விட மூன்று வீடு இருக்கிறது. ஒரு கல்லூரிப் பெண் நல்ல பிட்சா கடை வரும் என்றாள். என்னிடம் வேலை பார்க்கும் உச்சிமாளி கத்தரியைத் துடைத்துக்கொண்டே, "நாலாயிரம் பேருக்கும் முடி வளரும்லாக்கா" என்றாள்.

வருடா வருடம் இன்ஷூரன்ஸ்காரர் கொடுக்கும் டைரி சும்மாதான் கிடக்கும். இந்த வருடம் எழுதப் போகிறேன். நான் பாளையங்கோட்டையில் பிறந்து, பாளையங்கோட்டையிலேயே வாழ்க்கைப்பட்டு, பாளையங்கோட்டையிலேயே பியூட்டி பார்லர் நடத்துகிறவள். ஊர் மாறுவதை ஆரம்பத்திலிருந்து பார்க்க எனக்கு இப்போதுதான் வாய்ப்பு வந்திருக்கிறது. என்னென்ன மாறுகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

ஜனவரி 21, ஞாயிறு

சர்ச் முடிந்ததும் என் வீட்டுக்காரரிடம் ஸ்கூட்டரை எடுக்கச் சொல்லி அந்தக் கட்டடத்தைப் பார்க்கப் போனோம். அவர் டெலிபோன் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். பெரிய கட்டடம் எதைப் பார்த்தாலும் கேபிள் எந்த வழியாகப் போகிறது என்றுதான் தேடுவார். நான் வேறு விதம். இத்தனை பேருக்கு எத்தனை பாத்ரூம், மதியச் சாப்பாடு எங்கே, கண்ணாடியைத் துடைக்க ஆள் எப்படித் தொங்குவான் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கேட்டில் நின்ற செக்யூரிட்டி, "எனக்குத் தெரியாதும்மா, நான் இந்த கேட்டுக்குதான்" என்றார்.

எதிர்ப்புறம் இன்னும் பனை மரங்கள் நிற்கின்றன. ஆட்டுக்காரர் ஒருவர் ஆடுகளை ஓரமாக ஓட்டிக்கொண்டு போனார். அவற்றின் உருவம் கண்ணாடியில் தெரிந்தது. ஒரு கிடா நின்று தன்னையே பார்த்தது.

ஒன்றை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும், விட்டுப்போயிற்று. எங்கள் மகள் ஜெமிமா வேலை பார்ப்பது இந்த வெண்பரியில்தான், சென்னையில். ஐந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் சர்ச்சிலேயே பெரிய குடும்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். எட்டு மாதத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். காரணம் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் சென்னைக்குப் போய்விட்டாள், பிறகு கோர்ட்டில் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பேசுவாள். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைப்பதில்லை.

கம்பெனியோடு அவளும் வருகிறாளா என்று ஊரே என்னிடம் கேட்கிறது. நான் அவளிடம் கேட்கவில்லை. இதற்கும் டைரிக்கும் சம்பந்தமில்லை. நான் எழுத வந்தது ஊரைப் பற்றி.

பிப்ரவரி 3, சனி

ஜெமி இருந்த மாடி அறையின் திரைச்சீலைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். ஒரே தூசி, வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

முதல் ஆள் வந்தாயிற்று. ஷர்வரி என்று பெயர், புனேக்காரி, முப்பது வயதிருக்கும். சென்னையில் ஆறு வருடம் இருந்ததால் தமிழ் பேசுகிறாள். வெண்பரியிலிருந்து முன்கூட்டியே அனுப்பிய கூட்டத்தில் ஒருத்தி. முடியைக் காது வரைக்கும் வெட்டச் சொன்னாள். இவ்வளவு நீள முடியை வெட்டக் கை கூசியது.

"நல்லா யோசிச்சுட்டியாம்மா?"

"முடிதானே ஆன்ட்டி, வளந்துடும்" என்றாள்.

அவளிடம் நான் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கே இல்லை. கம்பெனி ஏன் இங்கே வருகிறது என்று கேட்டேன். முதலாளி இந்தப் பக்கத்துக்காரர், சென்னையில் ஆட்கள் பாதி ஆயுளை ரோட்டிலேயே கழிக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியதாம். ஊர் பிடித்திருக்கிறதா என்றேன். பிடித்திருக்கிறது, ஆனால் வீடு பார்க்கப் போன இடமெல்லாம், "கல்யாணம் ஆயிட்டா, ஏன் ஆகலை, அப்பா அம்மா எங்கே" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியை எடுக்கிறார்களாம். "சென்னையில அட்வான்ஸ் மட்டும்தான் கேப்பாங்க" என்று சிரித்தாள்.

யாரோ சொல்லித்தான் என் கடையைத் தேடி வந்தாளாம். அதற்குள் டிரையரைப் போட்டுவிட்டதால் யார் என்று கேட்க முடியவில்லை.

மார்ச் 15, வெள்ளி

இதுவரை நான் பார்த்தவை. சமாதானபுரத்தில் ஒரு கடையில் காலையில் போஹா விற்கிறார்கள், நம் அவல் உப்புமாதான், மேலே கொஞ்சம் மிக்சர். வ.உ.சி. மைதானத்தில் காலையில் பெண்கள் அரை டிரவுசர் போட்டு ஓடுகிறார்கள். முதல் வாரம் வாக்கிங் வந்த ஆண்கள் நின்று பார்த்தார்கள், இப்போது பார்ப்பதில்லை. சர்ச்சில் மாதம் ஒரு இங்கிலீஷ் ஆராதனை வைக்கலாமா என்று பேச்சு. எங்கள் தெருவில் வாடகை ஏறியதால் டெய்லர் ராஜாமணி கடையைக் காலி செய்துகொண்டு கேடிசி நகர் பக்கம் போய்விட்டார். அவர் முகம் நன்றாக இல்லை. மாறுவதெல்லாம் வேடிக்கை பார்க்க மட்டும் இல்லை என்று அவர் தையல் மெஷினை லோடு ஆட்டோவில் ஏற்றும்போது நினைத்தேன்.

ஜங்ஷனில் மூன்று மாடி ஏசி சலூன் ஒன்று வரப்போகிறது. உச்சி அதைப் பற்றிப் பேசவே இல்லை. வாய் ஓயாதவள் ஒன்றைப் பற்றி மட்டும் பேசாமல் இருந்தால் அதில் விஷயம் இருக்கிறது.

ஏப்ரல் 5, வெள்ளி

ஷர்வரி முடியைச் சரிசெய்ய வந்தாள். இந்த முறை மறக்காமல் கேட்டேன், என் கடையை யார் சொன்னார்கள் என்று.

"எங்க டீம் லீட் ஆன்ட்டி. பாளையங்கோட்டையில ஹெப்சி பார்லருக்குப் போ, அந்தக் கை மாதிரி எங்கேயும் கிடையாதுன்னாங்க. ஜெமிமான்னு பேரு. ஆபீஸ் மாத்துற வேலை முழுக்க அவங்கதான் பாக்குறாங்க."

கத்தரி ஓடிக்கொண்டிருந்தது. நான் ஓட விட்டேன்.

"அவங்களுக்கு இந்த ஊரா?"

"தெரியலை, சொன்னதில்லை. ஆனா ஒரு வருஷமா மாசாமாசம் வர்றாங்க. எங்களுக்கு வீடெல்லாம் அவங்கதான் தேடிக் குடுத்தாங்க. ஜங்ஷன்ல ஹோட்டல்ல தங்குவாங்க. நேத்து ராத்திரி ரயிலுக்குத்தான் கிளம்பிப் போனாங்க."

பின் கழுத்தில் இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாக வெட்டிவிட்டேன். வலது பக்கத்தையும் அதற்கேற்பக் குறைத்தேன். ஷர்வரிக்குப் பிடித்திருந்தது.

ஏப்ரல் 6, சனி

காலையில் காப்பியைக் கொடுத்துவிட்டு அவரிடம் சொன்னேன்.

"ஜெமி ஒரு வருஷமா மாசாமாசம் இங்க வந்துட்டுப் போறாளாம்."

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்."

"என்னது?"

"ரெண்டு தடவ பாத்தேன். ஜங்ஷன்ல. கூப்பிட்டா, போனேன். காப்பி குடிச்சோம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவதான் சொல்ல வேண்டாம்னா." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உன் மேல கோவமில்ல, ஹெப்சி. உன் கடையிலதான் ஊரே உக்காந்திருக்கு. நீ ஒரு வார்த்த சொல்லலன்னாலும் உன் முகத்தப் பாத்தே கண்டுபிடிச்சிருவாங்கன்னு நெனைக்கா" என்றார்.

என் முகத்தில் அப்படி என்ன தெரிகிறது என்று கடைக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கடையில் ஏழு கண்ணாடி.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஜெமி போன் செய்தாள். நன்றாக இருக்கிறாளாம். வெயில் தாங்கவில்லையாம்.

"இங்கயும் அப்படித்தான்" என்றேன்.

"ஆமாம்மா" என்றாள். பிறகு, "அப்படியா" என்று மாற்றிக்கொண்டாள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

வாக்ஸ் விலை ஏறிவிட்டது. கடைக்குப் புது டவல் வாங்க வேண்டும். வேறு விசேஷமில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

மதியம் கடையை உச்சியிடம் விட்டுவிட்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஜங்ஷனுக்குப் போனேன். சாமான் வாங்கப் போவதாகச் சொன்னேன். வாங்கவும் செய்தேன். பிறகு அந்த ஹோட்டல் எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. எந்த ஹோட்டல் என்று ஷர்வரியிடம் பேச்சுவாக்கில் கேட்டு வைத்திருந்தேன்.

கீழே ஏசி போட்ட சாப்பாட்டு அறை. ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவையாகத் தனியாக ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மெனு கார்டைப் பிடித்துக்கொள்வது வசதியாக இருந்தது, கைக்கு ஒரு வேலை. சுற்றிப் பார்த்தேன். தனியாக உட்கார்ந்த பெண்கள் மூன்று பேர். ஒருத்தி லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே தோசை சாப்பிட்டாள். ஒருத்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் என்னையும் யாரும் பார்க்கவில்லை என்று உறைத்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், என் கடைத் தெருவில், நான் பத்தடி நடப்பதற்குள் நாலு பேர் எங்கே போகிறேன் என்று கேட்டிருப்பார்கள்.

ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. பிறகு நன்றாக இருந்தது. இன்னொரு காப்பி கேட்டேன்.

ஜெமி எந்த மேசையில் உட்காருவாள் என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கமாகத்தான் இருக்கும்.

மே 11, சனி

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

கிரேஸ் டீச்சர் தலைக்கு டை அடிக்க வந்தார். ஜெமியைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அவர் சொந்தம். காத்திருந்தவர்கள் மூன்று பேர், எல்லாரும் சர்ச் ஆட்கள். நான் பாதித் தலைக்கு டை பூசியிருந்தேன். டீச்சர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "உன் மவ கம்பெனி இங்கயே வந்தாச்சி. அந்தப் பையனுக்கும் இன்னும் ஒண்ணும் அமையல. அவளும் வந்துட்டான்னா திரும்பப் பேசிப் பாக்கலாம்லா ஹெப்சி. எட்டு மாசத்துல அப்படி என்னதான் நடந்திருக்கப் போவுது" என்றார்.

நான் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் வைத்தேன். கையுறையைக் கழற்றினேன்.

"டீச்சர், என்ன நடந்துச்சுன்னு எனக்கும் தெரியாது. அவ சொல்லல, நானும் கேக்கல. ஆனா எம்மவ ஒண்ணுமில்லாததுக்குப் பெட்டியத் தூக்கிட்டு வர்றவ இல்ல. இந்த நாற்காலியில உக்காந்து இனி யாரும் அவளப் பத்திப் பேச வேண்டாம்."

"நான் நல்லதுக்குத்தாம்மா சொன்னேன்."

"தெரியும். வேண்டாம்."

டீச்சர் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை.

"மீதியப் போடட்டுமா?" என்று கேட்டேன்.

"போடு" என்றார் மெதுவாக.

போட்டேன். நன்றாகவே போட்டேன். காத்திருந்தவர்களில் இரண்டு பேர் வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்கள். உச்சி தரையைக் கூட்டினாள். தரையில் முடியே இல்லை.

ஜூன் 3, திங்கள்

வெண்பரி இன்று திறந்தாயிற்று. காலையில் பெருமாள்புரம் வரைக்கும் வண்டிகள் நின்றன. கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போனதை அவர் பால்கனியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். எல்லா ஜன்னலிலும் தெரியாத முகங்கள். அதில் ஜெமி இருந்தாளா என்று நான் பார்க்கவில்லை, பஸ் வேகமாகப் போய்விட்டது.

ஜூன் 12, புதன்

உச்சி நேற்று வரவில்லை. இன்று காலையில் வந்து வாசலிலேயே நின்றாள். அந்த ஏசி சலூனில் கூப்பிட்டிருக்கிறார்களாம். இங்கே கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு சம்பளம்.

"அக்கா, நீங்க சொன்னா போகல."

"எதுக்குச் சொல்லணும்? போ. அங்க கலர் போடுறது எப்படின்னு பாத்து வந்து எனக்கும் சொல்லிக்குடு."

அழுதாள். நான் அழவில்லை. மாலையில் தனியாகக் கடையைக் கூட்டும்போதுதான் எவ்வளவு பெரிய கடை என்று தெரிந்தது.

ஜூலை 6, சனி

மதியம் மூன்று மணி இருக்கும். கடையில் யாருமில்லை. கதவு திறந்தது. திரும்பிப் பார்க்காமலே, "உக்காருங்க, வாரேன்" என்றேன்.

திரும்பினால் நாற்காலியில் ஜெமி. மெலிந்திருந்தாள். முடியை ஷர்வரியைப் போலவே குட்டையாக வெட்டியிருந்தாள்.

"யாரு வெட்டினது?" இதுதான் நான் கேட்டது. இத்தனை நாள் கழித்து வந்த மகளிடம்.

"உச்சி அக்கா. அந்த சலூனுக்குப் போயிருந்தேன்."

"பின்னாடி சரியில்ல. குனி."

துணியைப் போர்த்தி, கத்தரியை எடுத்தேன். கை வேலை செய்யும்போது பேசுவது எனக்கு எளிது.

"உச்சி அக்கா எல்லாம் சொன்னா. கிரேஸ் டீச்சருக்கு பாதித் தலையோட நிறுத்திட்டியாமே."

"முழுசா முடிச்சுதான் அனுப்புனேன்."

அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். கண்ணாடியைப் பார்த்தேன், சிரிக்கத்தான் செய்தாள், கண்ணும் நிறைந்திருந்தது.

"மாசாமாசம் வந்தது தெரியும்" என்றேன்.

"தெரியும்னு எனக்கும் தெரியும். அப்பா சொல்லிட்டாங்க." தலையை இன்னும் குனிந்துகொண்டாள். "மொத தடவ வந்தப்போ நேரா வீட்டுக்கு வரணும்னுதான் ஆட்டோ ஏறினேன்மா. பாலத்துல ஏறினதும் மூச்சு முட்டுச்சு. திருப்பச் சொல்லிட்டேன். அடுத்த மாசம் பாலம் வரைக்கும் நடந்து வந்தேன். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாத்தான் வந்தேன்."

நான் முடியை வெட்டிக்கொண்டே இருந்தேன். இனி வெட்ட முடி இல்லை என்று தெரிந்ததும் நிறுத்தினேன்.

"மாடி சுத்தமாத்தான் இருக்கு" என்றேன். "உன் ஆபீசுக்குப் பத்து நிமிஷம்."

"தச்சநல்லூர்ல ஃபிளாட் எடுத்துட்டேன்மா."

தச்சநல்லூர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஊரின் இன்னொரு கோடி.

"ஆபீஸ் இந்தக் கடைசியில, வீடு அந்தக் கடைசியிலயா?"

"ஆமாம்மா."

அவள் கழுத்தில் ஒட்டியிருந்த முடியைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். எவ்வளவு தட்டியும் போகாத மாதிரி தட்டிக்கொண்டே இருந்தேன். அவளும் எழுந்திருக்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

ஷர்வரி தான் குடியிருந்த வீட்டு ஓனரோடு சண்டை போட்டுவிட்டாள். இரவு எட்டு மணிக்கு மேல் வரக்கூடாது என்றாராம். மாடி அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டோம். ஜெமி அப்பாதான் முதலில் கேட்டார், நான் மறுப்பேன் என்று நினைத்திருப்பார். நான் மறுக்கவில்லை. ஜெமி பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசுக் கோப்பைகளை மட்டும் கீழே எடுத்து வந்தேன். மாடியில் பேச்சுச் சத்தம் கேட்பது நன்றாக இருக்கிறது, மராத்தியாக இருந்தாலும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஜெமி மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். அவருக்குக் காய்ச்சல் என்றதால் நான் மட்டும் போனேன். காய்ச்சல் உண்மையா என்று தெரியவில்லை. தெர்மாமீட்டரைக் கேட்டால் தலையணைக்குக் கீழே தள்ளினார்.

கேட்டில் காவலுக்கு நின்றவர் வடக்கத்திக்காரர். யாரைப் பார்க்க வேண்டும் என்றார். இந்த ஊரில் என்னை யாரென்று கேட்டு யாரும் நிறுத்தியதில்லை. அவர் போனில் பேசி முடிக்கும்வரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சைக்கிளில் சுற்றிய குழந்தைகள் தமிழிலும் ஹிந்தியிலும் மாறி மாறிச் சண்டை போட்டன. எது எப்போது மாறுகிறது என்று கவனித்தேன். கெட்ட வார்த்தைக்கு மட்டும் தமிழ்.

நாலாவது மாடி. வீடு சிறியது, வெளிச்சமானது. சமையலறையில் பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்தேன். ஜெமி என் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்தாள். "நீ உக்காரும்மா. நான்தான் கூப்பிட்டேன்." உட்கார்ந்தேன். மீன் குழம்பில் புளி அதிகம். சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்தபோது பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்டாள். ஜெமி, "எங்க அம்மா" என்று என்னைக் காட்டினாள். அந்தப் பெண் வணக்கம் சொன்னாள். அடுத்து வரும் கேள்வி எனக்குத் தெரியும், மாப்பிள்ளை என்ன செய்கிறார், குழந்தை எத்தனை. அதற்குப் பதிலைத் தயார் செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள், "உங்க வீட்டுப் பக்கம் தண்ணி ஒழுங்கா வருதா?" என்று கேட்டாள். வருகிறது என்றேன். போய்விட்டாள்.

ஜெமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தியாம்மா" என்றாள். அவள் ஏன் ஆற்றைத் தாண்டி வீடு பிடித்தாள் என்று அப்போது எனக்குப் புரிந்தது. புரிந்ததாலேயே சங்கடம் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

பிறகு பால்கனியில் உட்கார்ந்தோம். வெளிச்சத்தில் அவள் புருவம் கண்டபடி வளர்ந்திருந்தது. கைப்பையில் புருவம் எடுக்கும் நூல்கண்டு எப்போதும் இருக்கும். "சாஞ்சு உக்காரு" என்றேன். அவள் கண்ணை மூடி, இமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து வேலையைத் தொடங்கினேன். பல்லில் நூல் இருக்கும்போது பேச முடியாது. கேள்வியும் கேட்க முடியாது.

முதல் புருவம் பாதி முடிந்திருக்கும். கண்ணைத் திறக்காமலே அவள் சொல்ல ஆரம்பித்தாள். தான் வாழப்போன அந்த வீட்டைப் பற்றி, முதல் வாரத்திலிருந்து.

நான் நூலை விடவில்லை. அவள் நிறுத்தினால் நானும் நிறுத்தினேன், அவள் தொடர்ந்தால் நானும் தொடர்ந்தேன். ஒரு இடத்தில் நூல் அறுந்துபோயிற்று, வேறு நூலை எடுத்துக் கடித்தேன். அவள் தன் கையை என் மணிக்கட்டின் மேல் வைத்துக்கொண்டு மீதியையும் சொன்னாள். இரண்டு புருவத்துக்கு இத்தனை நேரம் நான் எடுத்ததே இல்லை.

அவள் சொன்னதை இந்த டைரியில் எழுதப் போவதில்லை.

முடிந்ததும் உள்ளே போய்க் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்தாள். "ரொம்ப மெல்லிசா எடுத்துட்டியேம்மா" என்றாள்.

"வளந்துரும்" என்றேன். "அடுத்த ஞாயித்துக்கிழம வந்து பாக்கேன்."